எதை முதலில் எடுப்பது

கண்ணு,

போனில் கூப்பிட்டால் நீ "ம்" என்கிறாய். நான் "சாப்பிட்டியா" என்கிறேன். மறுபடியும் "ம்". அப்புறம் உங்கப்பா போனைப் பிடுங்கி ஓசூரில் குளிர் எப்படி என்று கேட்பார். அத்தோடு முடிந்துபோகிறது. உன்னிடம் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அதை இரண்டு "ம்"முக்கு நடுவே சொல்லிவிட முடியாது. எழுதினால் நீ குறுக்கே பேசாமல் கேட்பாய் என்று எழுத வந்தேன். நீ எப்போது குறுக்கே பேசியிருக்கிறாய்? கல்லுளிமங்கனைப் பெற்றவள் நான். கடிதம் நீளமாகத்தான் இருக்கும், ஆற அமரப் படி.

உனக்கு மனசு அடித்துக்கொள்ளும் என்பதால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துரைசாமி அண்ணனின் ஹார்டு டிஸ்க் இன்னும் நம் கடையில்தான் இருக்கிறது. அவர் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு போகவில்லை. அன்று நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாயே, அப்போது என்ன நடந்தது என்பதும் இப்போது எனக்கு முழுசாகத் தெரியும். நீயாகச் சொல்லவில்லை. பூங்கொடி அக்கா வந்து சொன்னார்.

நம் தொழிலைப் பற்றி உனக்கே எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆனாலும் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தால்தான் எனக்கு மனம் அடங்கும். மில் லேபில் நூலைச் சோதித்துக்கொண்டிருந்த நானும், கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்துகொண்டிருந்த உங்கப்பாவும் சிங்காநல்லூரில், கெட்டுப்போன டிஸ்கில் இருப்பதை மீட்டுக் கொடுக்கும் இந்தக் கடையைப் போட்டபோது, சொந்தக்காரர்களுக்கு இது என்ன வேலை என்றே விளங்கவில்லை. "செத்த கம்ப்யூட்டருக்கு உசுரு குடுக்கறாங்களாமா" என்று உன் பெரியம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்தாள். உசுரும் இல்லை, மந்திரமும் இல்லை. டிஸ்குக்கு உள்ளே வழவழவென்று ஒரு வட்டத் தட்டு சுற்றுகிறது. அதன்மேல் படாமல் மிதந்தபடியே படிக்கிற முனைக்குப் பெயர் ஹெட். ஹெட் கெட்டுவிட்டால், தட்டில் எல்லாம் பத்திரமாக இருந்தும் படிப்பதற்கு ஆள் இல்லை. அதே மாடலில், அதே காலத்தில் செய்த இன்னொரு நல்ல டிஸ்கைத் தேடிப்பிடித்து, அதன் ஹெட்டைக் கழற்றி இதில் மாட்ட வேண்டும்.

திறந்த தட்டில் ஒரு தூசி விழுந்தாலும் போச்சு. நாம் கடை போட்ட இடமோ மில்லுக்குப் பக்கம். ஜன்னலைத் திறந்தால் பஞ்சு பறந்து வரும். அதற்காகத்தான் காற்றை வடிகட்டி அனுப்பும் அந்தச் சின்ன அறையைக் கட்டினோம். அன்றிலிருந்து கடைக்கு வரும்போது நான் மல்லிகை வைப்பதில்லை. அறை வாசலில் இருக்கும் குழாயும் சோப்பும் கைக்கு மட்டுமல்ல, நெற்றிக்கும்தான். உங்கப்பா வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு நெற்றி நிறைய விபூதியோடு அந்தக் கதவில் கை வைத்தால் நான் போடுகிற சத்தம் தெருமுனை டீக்கடை வரை கேட்கும் என்று நீதான் சொல்வாய். "சாமி கோவிச்சுக்காதாம்மா?" என்று சின்ன வயதில் கேட்டாய். சாமி கோபித்துக்கொண்டால் பேசிச் சரிக்கட்டிக்கொள்ளலாம், தட்டு கோபித்துக்கொண்டால் ஒன்றும் செய்ய முடியாது என்றேன்.

துரைசாமி அண்ணனின் டிஸ்க் கெட்டதும் சாமி காரியத்தில்தான். நம் கடைக்குப் பின்தெருவில் பம்ப் செட் பட்டறை வைத்திருப்பவர். நாற்பது வருடத் தொழில். அவர் பட்டறையில் செய்த எல்லா பம்புக்கும் டிராயிங் அந்த ஒரு டிஸ்கில்தான். போன ஆயுத பூஜைக்கு லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டு, ஆபீஸ் ரூமில் கம்ப்யூட்டருக்கும் வைத்திருக்கிறார். பக்கத்தில் ஒயரோடு கிடந்த டிஸ்கை இதுவும் ஆயுதம்தானே என்று தூக்கியிருக்கிறார். அது ஓடிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. சந்தனக் கையில் வழுக்கிக் கீழே விழுந்துவிட்டது.

விழுந்ததை அப்படியே எடுத்து வந்திருந்தால் நமக்குப் பாதி வேலை மிச்சம். பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்து எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். லேத் ஓடியது, டிரில்லிங் ஓடியது, டிஸ்க் மட்டும் டக் டக் என்றது. நல்ல நேரம் முடிவதற்குள் அதுவும் ஓடியாக வேண்டும் என்று மனுஷன் திரும்பத் திரும்ப ஸ்விட்சைப் போட்டிருக்கிறார். ஒவ்வொரு தரமும் உள்ளே வளைந்து கிடந்த ஹெட் தட்டைச் சுரண்டியிருக்கிறது. நம் ஊரில் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள், நானும் செய்திருப்பேன். தொழில் ஆரம்பிக்கிற நல்ல நேரத்தில் ஒரு மெஷின் நின்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

அந்த டிஸ்கை நீ திறந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் விரல்நுனிகள் இப்போது மரத்துப்போகின்றன. சர்க்கரை வியாதி போட்ட கணக்கு. வெங்காயம் அரிகிறேன், கோலம் போடுகிறேன், ஆனால் ஹெட் மாற்ற என் விரலை நானே நம்புவதில்லை. நீ ஹெட்டை அசைக்கிற காந்தத்தைத் தூக்கினாய். சீப்பு மாதிரி இருக்கும் அந்தச் சின்ன பிளாஸ்டிக்கை ஹெட்டுகளுக்கு இடையில் மெல்ல நுழைத்தாய். மேலும் கீழும் இருக்கிற இரண்டு ஹெட் ஒன்றோடொன்று உரசிவிட்டால் இரண்டுமே வீண். நீ மூச்சையும் ஒரு பக்கமாகத் திருப்பி விட்டாய். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். உன் கைக்கு அந்தக் குணம் இருக்கிறது. நல்ல டிஸ்கிலிருந்து எடுத்த ஹெட்டைத் தட்டின்மேல் கொண்டுவந்து நீ சீப்பை உருவியபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்ணீரும் தட்டுக்கு ஆகாதே என்று வெளியே வந்துவிட்டேன். அன்று உன்னிடம் இதைச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

மாற்றிய ஹெட் எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. சுரண்டிய தட்டாக இருந்தால் அரை நாளும் ஓடலாம், டீ குடித்து முடிப்பதற்குள்ளும் போய்விடலாம். அதனால் வேலை தொடங்கும் முன்னால் டிஸ்குக்குச் சொந்தக்காரரை உட்கார வைத்து, "எதை முதலில் எடுப்பது?" என்று கேட்பது நம் வழக்கம். துரைசாமி அண்ணனையும் கேட்டோம். "டிராயிங்குதானுங்க. வேற எனத்த இருக்குது அதுல? மத்ததெல்லாம் குப்பைங்க" என்றார். பூங்கொடி அக்கா அவர் பக்கத்தில் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவரைக் கேட்கவில்லை. கணவன் மனைவி சேர்ந்து வந்தால் பேசுகிறவரிடம் மட்டும் கேட்டு முடித்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று இப்போது யோசிக்கிறேன். கடையை நடத்துகிறவளே ஒரு பொம்பளை!

அடுத்த நாள் மத்தியானம் டிஸ்க் மறுபடி டக் டக் என்றது. புது ஹெட்டும் போய்விட்டது. அதுவரை எடுத்து வைத்ததைப் பார்த்தால் ஒரு டிராயிங்கூட இல்லை. ஏதோ வீடியோக்கள்தான் பாதியும் முக்காலுமாக வந்திருந்தன. துரைசாமி அண்ணன் கவுண்டரில் நிற்கிறார். "என்ன கண்ணு ஆச்சு?" என்றேன். "வரிசைய மாத்திப்போட்டேன்மா. என் தப்புதான்" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். அவர் முன்னாலேயே நான் உன்னைக் கவனமில்லாதவன், பொறுப்பில்லாதவன் என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் கத்தவில்லை. "என்னை நம்பிப் பத்துப் பதினஞ்சு குடும்பம் இருக்குதுங்க தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். அது உன்னை என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். அடுத்த வாரமே ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது என்று பெட்டியைக் கட்டினாய். வேலையாம் வேலை! லேப்டாப்புக்குக் கீபோர்டு மாற்றுகிற வேலைக்கு இங்கே ஆள் இல்லையா?

பழி விழுந்தால் தோளைக் கொடுத்து வாங்கிக்கொள்வது உனக்கு இன்று வந்த குணம் இல்லை. கோபியில் உன் மாமா வீட்டுக்கு லீவுக்குப் போனபோது வாழைத் தோட்டத்து மோட்டார் எரிந்துபோனதே, ஞாபகம் இருக்கிறதா? கிணற்றில் தண்ணீர் இல்லாமல் மோட்டாரைப் போட்டது யார் என்று மாமா கேட்டார். நீ பேசாமல் நின்றாய். பேசாமல் நின்றவன்தான் செய்தவன் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். சுவிட்சைப் போட்டது மாமா பையன் என்று அவன் கல்யாணப் பந்தியில் அவனே சிரித்துக்கொண்டு சொன்னபோதுதான் எனக்குத் தெரியும். பந்தியில் எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். நான் பாதியில் இலையை மடித்துவிட்டேன்.

இப்போது பூங்கொடி அக்கா வந்த கதைக்கு வருகிறேன். பொங்கல் கழிந்து ஒரு காலையில் தனியாக வந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"தம்பி எங்கீங் கண்ணு?"

"ஓசூருக்கு வேலைக்குப் போயிட்டானுங்க அக்கா."

"என்னாலதான் போயிருச்சு" என்றவர் அழ ஆரம்பித்துவிட்டார்.

அவர்களுடைய ஒரே மகள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனது ஊருக்கே தெரியும். அன்றைக்கே துரைசாமி அண்ணன் வீட்டிலிருந்த ஆல்பத்தையெல்லாம் கொளுத்திவிட்டாராம், போனில் இருந்ததையும் அழித்தாராம். ஆனால் மகள் குழந்தையாக இருந்தபோது எடுத்த கேமரா டேப்புகளை, முன்பு வேலை பார்த்த டிராயிங்காரர் ஒருவர் அந்த டிஸ்கில் ஏற்றி வைத்திருந்திருக்கிறார். டிராயிங் இருக்கிற டிஸ்க் என்பதால் அதில் மட்டும் அண்ணன் கை வைக்கவில்லை. அவர் கிணத்துக்கடவில் தென்னந்தோப்பைப் பார்க்கப் போகிற நாளில், ஆபீஸ் ரூமைக் கூட்டுகிற சாக்கில் அக்கா போய் அதைப் போட்டுப் பார்த்துக்கொள்வாராம்.

"ஆயுத பூஜையன்னிக்கும் காத்தால பாத்துட்டிருந்தேன் கண்ணு. அவரு சந்தனக் கிண்ணத்தோட வர்ற சத்தங் கேட்டுது. டிவிய அணைக்கற மாதிரி படந் தெரியற பொட்டிய மட்டும் அணைச்சுப்போட்டு வெளிய வந்துட்டேன். டிஸ்க்கு ஓடிட்டே இருந்துருக்குது, எனக்கென்ன தெரியும்?" என்றார். "உங்க கடையில எத மொதல்ல எடுக்கோணும்னு கேட்டீங்களே, அப்ப எனக்கு வாயே வரல. அப்பறம் தம்பி டீ குடிக்கப் போன எடத்துல புடிச்சு, பாப்பா பேருல ஒரு போல்டர் இருக்குது சாமி, அத மட்டும் மொதல்ல எடுத்துக் குடுன்னு கையப் புடிச்சுக்கிட்டேன். யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னும் கேட்டுக்கிட்டேன்."

நீ சொல்லவே இல்லை. என்னிடம்கூட.

கண்ணு, நான் உன் இடத்தில் இருந்திருந்தால் அதைச் செய்திருக்க மாட்டேன். சொந்தக்காரரிடம் ஒன்று சொல்லிவிட்டு வேறு ஒன்றைச் செய்வது தப்புதான். அதில் உனக்குச் சலுகை இல்லை. அவருடைய பட்டறையில் வேலை பார்க்கிறவர்களின் அடுப்பு அந்த டிராயிங்கை நம்பித்தான் எரிகிறது. ஆனால் ஒரு தாய் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது, அதை உதறிவிட்டு வருகிற பிள்ளையாக நீ இருந்திருந்தால் எனக்கு அது பெருமையா என்று கேட்டால், இல்லை. என்ன செய்திருக்கலாம் தெரியுமா? என்னிடம் வந்திருக்கலாம். நான் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, "அக்கா, நீங்க சொல்லுங்க" என்று கேட்டிருப்பேன். சண்டை வந்திருக்கும். வரட்டுமே. அடுத்தவர் ரகசியத்தைச் சுமப்பது நல்ல குணம்தான், ஆனால் அதற்கும் ஒரு எடை உண்டு. ஊரைவிட்டே போகிற அளவுக்கு அது அழுத்தினால், இறக்கி வைக்கப் பெற்றவள் மடி ஒன்று இருக்கிறது. அந்த மடிமேல் உனக்கு நம்பிக்கை வராதபடி கவுண்டரில் நின்று கத்தியவளும் நான்தான். அதற்காக வருத்தப்படுகிறேன் கண்ணு. நிஜமாகவே வருத்தப்படுகிறேன்.

அக்கா போனதும், நீ எடுத்தவரைக்கும் வந்திருந்த வீடியோ திறக்கிறதா என்று சரிபார்க்க ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்தேன். நாலைந்து வயதுக் குழந்தை பட்டறையில் ஒரு பம்ப் மேல் குதிரை ஏறின மாதிரி உட்கார்ந்திருக்கிறது. கால் எட்டவில்லை. கேமராவைப் பிடித்திருக்கிறவர், "அம்மணி, யாரு முதலாளி? சொல்லு, யாரு முதலாளி?" என்று கேட்கிறார். "நாந்தே" என்கிறது குழந்தை. கேமரா ஆடுகிற அளவுக்கு அவர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு யாருடையது என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. துரைசாமி அண்ணன் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அக்கா அன்றைக்கே வீட்டுக்குப் போய்த் தன் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சொல்லச் சொல்லி நான் தூண்டவில்லை. உன்னைத் திரும்பக் கூப்பிட வேண்டுமானால் அதுதான் வழி என்று அவரே முடிவு செய்தாராம். அண்ணன் சாப்பிட்டார், பட்டறைக்குப் போனார், வந்தார். ஒரு வாரம் போல வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்டது என்றார் அக்கா.

இதற்கிடையில் உங்கப்பா சும்மா இருக்கவில்லை. வேலை முடிந்ததாக அவர் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. ஊர் ஊராகப் போன் போட்டு, சென்னையில் பழைய சாமான் கடை ஒன்றில் அதே மாடலில் இன்னொரு டிஸ்கைக் கண்டுபிடித்துவிட்டார். அது வந்து சேர்ந்ததும் துரைசாமி அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினோம். நேற்றுக் காலையில் வந்தார். கைவிரலெல்லாம் கிரீஸ்; அளவெடுக்கிற வெர்னியரைச் சட்டைப் பையில் செருகியிருந்தார்.

"ஏனுங்க அம்மணி, மறுக்காவும் ஹெட்டு மாத்தலாம்னு சொன்னாங்களே?"

"மாத்தலாங்க அண்ணா. ஆனா தட்டு ரொம்ப அடி வாங்கியிருக்குது. இந்தத் தடவை போனா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாதுங்க. என் கை பழைய மாதிரி இல்லீங்க. வேற நல்ல இடம் வேணும்னா விசாரிச்சுச் சொல்றேன்."

"உங்க பையன் வரமாட்டாரா?"

நான் வாயெடுப்பதற்குள் அவரே பேசினார். "அவரு கையிலதான் குடுத்தேன். ஆரம்பிச்சவருதான் முடிக்கோணும். என்ரகிட்டச் சொல்லாமச் செஞ்சது தப்புதானுங்க, அத அவருகிட்டயே நான் சொல்லிக்கறேன். ஆனா அவரு எம்பொஞ்சாதியக் காட்டிக் குடுக்கல பாருங்க."

உங்கப்பா எழுந்து போய் வாசலைப் பார்த்து நின்றுகொண்டார். அவருக்கு அழுகை வந்தால் தெருவில் வண்டி எண்ணுவார் என்பது உனக்குத் தெரியும். ஆனால் வழக்கம் வழக்கம்தானே, நான் கேட்டே ஆக வேண்டும்.

"அண்ணா, இந்த ஹெட்டும் கொஞ்ச நேரந்தான் தாங்கும். எதை முதல்ல எடுக்கறதுங்க?"

அவர் வெர்னியரை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"டிராயிங்குப் போனாப் போகுதுங்க. பழைய பம்பையெல்லாங் கழட்டி வெச்சு அளந்துக்கிட்டு இருக்கறேன். எப்படியும் பாதி வந்துருச்சு, மிச்சமும் வந்துரும். அந்தப் புள்ளய எதைய வெச்சுங்க அளந்து எடுக்கறது?"

வண்டி ஏறு கண்ணு. உன் கைக்காக அண்ணனும் அக்காவும் காத்திருக்கிறார்கள்.

அம்மா